கரண்டு வண்டிக்கு லைசென்ஸ் வேணுமா? - ஒரு சின்ன சரித்திரம்

கொஞ்ச நாளா நம்ம பக்கத்து ஆட்கள் யாரைப் பார்த்தாலும் இதே கேள்விதான். "தம்பி, இந்தக் கரண்டு வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம்னு கடையில சொல்றாங்களே, நெசந்தானா?" கடைசியா கேட்டவர் திருத்தங்கல்ல மளிகைக்கடை வச்சிருக்கிற அண்ணாச்சி. மகள் சிவகாசி அச்சாபீஸுக்குக் கணக்கு எழுதப் போகுது. டவுன் பஸ்ஸை நம்ப முடியலையாம்.

இதுக்கு "ஆமா"ன்னும் சொல்லலாம், "இல்லை"ன்னும் சொல்லலாம். எந்த வண்டி என்பதைப் பொறுத்து ரெண்டுமே சரியான பதில்தான். ஏன் இப்படி ஒரு குழப்பம்னு பார்க்க ஆரம்பிச்சா, கதை நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி போய் நிக்குது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

சிவப்புக்கொடி காலம்

இங்கிலாந்துல 1865-ல ஒரு சட்டம் போட்டாங்க. ரோட்டுல ஓடுற இன்ஜின் வண்டிக்கு அறுபது கெஜம் முன்னாடி ஒரு ஆள் சிவப்புக்கொடி பிடிச்சுக்கிட்டு நடக்கணும். ஊருக்குள்ள மணிக்கு 2 மைல், வெளியில 4 மைல். அதுக்கு மேல போகக்கூடாது! இப்போ படிச்சா சிரிப்பா இருக்கும். ஆனா குதிரை மிரண்டு ஆள் சாகிற காலம் அது.

1896-ல அதைத் தளர்த்தினப்ப என்ன செஞ்சாங்க தெரியுமா? 3 டன்னுக்குக் குறைவான வண்டிக்கு இந்தக் கெடுபிடி இல்லைன்னு சொல்லிட்டாங்க. அதாவது ஒரு எண்ணைப் போட்டு, அதுக்குக் கீழே இருந்தா உனக்கு விலக்கு, மேலே இருந்தா உனக்குச் சட்டம். அன்னிக்கு ஆரம்பிச்ச வழக்கம்தான் இன்னிக்கு அண்ணாச்சி கேக்குற கேள்வி வரைக்கும் வந்து நிக்குது.

நம்ம நாட்டுல முழு இந்தியாவுக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-ல வந்தது. அடுத்தது 1939 சட்டம். அதுல இருந்த மூன்றாம் நபர் காப்பீடு (அதாங்க, நம்ம வண்டியால அடிபட்டவருக்குக் கிடைக்கிற இன்சூரன்ஸ்) 1946 ஜூலையிலதான் கட்டாயம் ஆச்சு. அப்புறம் 1988-ல இப்போ இருக்கிற சட்டம். அமலுக்கு வந்தது 1989 ஜூலை 1.

சிசி கணக்கு

1988 சட்டத்துல "மோட்டார் வாகனம்"னா என்னன்னு ஒரு விளக்கம் இருக்கு. இயந்திர சக்தியில ரோட்டுல ஓடுறது எல்லாம் மோட்டார் வாகனம். ஆனா நாலு சக்கரத்துக்குக் குறைவா இருந்து, இன்ஜின் 35 சிசிக்கு மேல போகலைன்னா அது மோட்டார் வாகனம் இல்லை. 1994 திருத்தத்துல இந்த 35-ஐ 25 ஆக்கிட்டாங்க.

இந்த இடத்துல நம்ம டி.வி.எஸ். 50-ஐ நினைச்சுப் பாருங்க. 1980-ல வந்த வண்டி. பால் கேன், தீப்பெட்டிக் கட்டு, வாழைத்தார், கூடவே ரெண்டு ஆள்னு எல்லாத்தையும் சுமந்த வண்டி. ஊர்ல அதைப் பெரிய சைக்கிள் மாதிரிதான் நினைச்சாங்க. சட்டம் அப்படி நினைக்கலை. பேருக்கு ஏத்தபடி 50 சிசி, அதனால லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு. ஒரே சலுகை, 50 சிசிக்கு மேல போகாத வண்டியை 16 வயசுலயே ஓட்டலாம்.

ஆக, "சின்ன வண்டிதானே, எதுக்கு லைசென்ஸ்?"ங்கிற மனசு நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. கரண்டு வண்டி வர்றதுக்கு முன்னாடியே இருந்தது.

சிசி இல்லாத வண்டி

மின்சார மோட்டாருக்கு சிசி கிடையாது. அப்போ எதை வச்சு அளக்கிறது? 2005-ல மத்திய மோட்டார் வாகன விதிகள்ல "பேட்டரியால் இயங்கும் வாகனம்"னு ஒண்ணைச் சேர்த்து, சிசிக்குப் பதிலா வாட் கணக்குக்கு மாறினாங்க. இப்போ இருக்கிற விதிப்படி, ரெண்டு சக்கர பேட்டரி வண்டி மோட்டார் வாகனம் ஆகாம இருக்கணும்னா:

- மோட்டாரோட அரைமணி நேர சக்தி 250 வாட்டுக்குக் கீழே இருக்கணும்.
- அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் கீழே இருக்கணும்.
- பேட்டரி நீங்கலா எடை 60 கிலோவைத் தாண்டக்கூடாது.
- ஒழுங்கான பிரேக், முன்னாடி வெள்ளை, பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டர் வேணும்.

இதெல்லாம் இருந்தா மட்டும் போதாது. புனே ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரி அரசு சொன்ன சோதனை நிலையம் ஒண்ணு பரிசோதிச்சு சான்று குடுத்திருக்கணும். கடையில சொல்லாம விடுறது இந்தக் கடைசி வரியைத்தான்!

250 வாட்னா ஒரு குதிரைசக்தியில மூணுல ஒரு பங்கு. ஒரு ஆள் சமதரையில போக தாராளமா போதும். ஆனா ரெண்டு பேர் உட்கார்ந்து ரயில்வே மேம்பாலம் ஏறினா? என் மனக்கணக்குப்படி, 3 சதவீத ஏத்தத்துலயே மணிக்கு 10 கி.மீ. பக்கம் வந்திரும். "சாமி, இறங்கித் தள்ளு" கதைதான்.

முதல் அலையும் மின்வெட்டும்

விதி வந்ததும் வண்டிகளும் வந்தது. 2006-ல அகமதாபாத் எலக்ட்ரோதெர்ம் கம்பெனியோட யோபைக். லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம்னுதான் வியாபாரமே. 2008-ல கோயம்புத்தூர்ல ஹேமலதா அண்ணாமலை ஆம்பியர் கம்பெனியை ஆரம்பிச்சாங்க. எல்லாம் பெரும்பாலும் ஈய பேட்டரி. 12 வோல்ட் பேட்டரி நாலைச் சேர்த்தா 48 வோல்ட், 20 ஆம்பியர் அவர். சுமாரா ஒரு யூனிட் கரண்டு. சார்ஜ் ஏற ஆறு முதல் எட்டு மணி நேரம்.

அந்த எட்டு மணி நேரக் கரண்டுக்கு எங்க போறது? 2008-ல இருந்து 2013 வரைக்கும் தமிழ்நாட்டு மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. 2012-ல சென்னைக்கு வெளிய பல ஊர்ல ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்டு இல்லை. சிவகாசி அச்சகங்கள் ஜெனரேட்டர் போட்டுக் காலண்டர் அடிச்ச நேரம். அதுல வண்டிக்கு எங்க சார்ஜ் போட? முதல் அலை நம்ம பக்கம் படுத்துக்கிட்டதுக்கு வண்டி மட்டும் காரணம் இல்லைன்னு சொல்றதுக்குத்தான் இது.

டில்லியில் ஒரு கோர்ட் கேஸ்

இதே 250 வாட் கதையை வச்சு டில்லியில ஆயிரக்கணக்கான இ-ரிக்ஷா ஓடிச்சு. நம்பர் இல்லை, லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. நிஜத்துல மோட்டார் 250 வாட்டைத் தாண்டினதுதான். 2014 ஜூலை 31-ம் தேதி டில்லி உயர் நீதிமன்றம் தடை போட்டிருச்சு. ஓட்டினவங்க எல்லாம் ஏழைங்க, கடன் வாங்கி வாங்கின வண்டி. ஒரே நாள்ல பொழப்பு நின்னது. அப்புறம் விதியை மாத்தி, 2015-ல சட்டத்தையே திருத்தி இ-ரிக்ஷாவுக்குத் தனி இடம் குடுத்தாங்க.

விலக்குன்னு நம்பி வாங்கினவன் தலையிலதான் கடைசியில விடியும்ங்கிறதுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்.

ரெண்டாவது அலை

2015-ல மத்திய அரசோட ஃபேம் திட்டம். 2019-ல ரெண்டாம் கட்டம், 10,000 கோடி. அதுல மானியம் வாங்க ஸ்கூட்டர் குறைஞ்சது 40 கி.மீ. வேகம் போகணும்னு இருந்தது. அதாவது லைசென்ஸ் வேண்டாத வண்டிக்கு அதுல மானியம் கிடைக்கலை. அரசு எந்தப் பக்கம் சாயுதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. 2018-ல பச்சை நம்பர் பிளேட். 2021 ஆகஸ்ட்ல பேட்டரி வண்டிக்கு ஆர்.சி. கட்டணமும் ரத்து. இதுக்கு நடுவுல ஓசூர்ல டி.வி.எஸ்., ஏத்தர், போச்சம்பள்ளி பக்கம் ஓலான்னு தமிழ்நாடே கரண்டு ஸ்கூட்டர் தயாரிக்கிற இடமா ஆகிப்போச்சு. இந்த வேகமான வண்டி எல்லாம் முழு மோட்டார் வாகனம். லைசென்ஸ், ஹெல்மெட், இன்சூரன்ஸ் எல்லாம் கட்டாயம். சந்தேகமே வேண்டாம்.

தீ

தீயைப் பத்தி சிவகாசிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சொல்றேன். 2022 மார்ச்ல வேலூர்ல ராத்திரி வீட்டுல சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடிச்சு, புகையில அப்பாவும் மகளும் மூச்சுத்திணறி இறந்துபோனாங்க. அந்த வருஷம் வேற சில இடத்துலயும் வண்டிகள் எரிஞ்சது. அரசு ஏ.ஐ.எஸ். 156ங்கிற பேட்டரித் தரத்தைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர்லயும் 2023 மார்ச் கடைசியிலயும் ரெண்டு கட்டமா கொண்டுவந்தாங்க. ஒரு விஷயம் கவனிங்க. இது மோட்டார் வாகனம்னு கணக்குல வர்ற வண்டிகளுக்கான தரம். அதனால 25 கி.மீ. வண்டி வாங்கினா, பேட்டரி எந்தச் சோதனையில தேறினதுன்னு தனியா கேட்டு வாங்குங்க.

நம்ம ஊருக்குன்னு இன்னொண்ணு. தீபாவளி சீசன்ல பட்டாசுப் பெட்டியை அடுக்கி வச்சிருக்கிற அறையில தயவுசெஞ்சு சார்ஜ் போடாதீங்க. வாசலை மறிச்சும் போடாதீங்க. தப்பிச்சு ஓட வழி வேணும்.

சிங்கப்பூர் இதை எல்லாம் முன்னாடியே பட்டு அனுபவிச்சது. நின்னுக்கிட்டே ஓட்டுற இ-ஸ்கூட்டரை 2019 நவம்பர் 5-ல இருந்து நடைபாதையில ஓட்டக்கூடாதுன்னு தடுத்துட்டாங்க. உணவு டெலிவரி செஞ்சு பிழைச்சவங்களுக்கு அது பெரிய அடி. தீக்குப் பயந்து தனித் தரச்சான்றும் கட்டாயம் ஆக்கினாங்க.

ஒயரைப் பிடுங்கினால்?

இப்போ நிஜ மேட்டருக்கு வர்றேன். 25-ல ஓடுற வண்டியை வாங்கி, ஒரு ஒயரைப் பிடுங்கினா 40 போகும்னு காதோரம் சொல்லித்தர்ற ஆளுங்க இருக்காங்க. 2023-ல கேரள மோட்டார் வாகனத் துறை கடைகள்ல சோதனை போட்டு இப்படி வண்டிகளைப் பிடிச்சாங்க. பிடுங்கின அந்த நிமிஷமே விலக்கு போச்சு. அது பதிவு இல்லாத மோட்டார் வாகனம். சட்டப்படி பதிவு இல்லாததுக்கு 5,000 வரைக்கும், லைசென்ஸ் இல்லாததுக்கு 5,000, இன்சூரன்ஸ் இல்லாததுக்கு முதல் தடவை 2,000, வண்டியை மாத்தினதுக்கு 5,000 அல்லது ஆறு மாசம் வரை சிறை. ஓட்டினது சின்னப் பையன்னா 2019 திருத்தத்துல வந்த 199ஏ பிரிவு. பெத்தவங்களுக்கு 25,000 அபராதம், மூணு வருஷம் வரை ஜெயில்.

ஃபைன் கூடப் பரவாயில்லைங்க. யார் மேலயாவது மோதிட்டா? இன்சூரன்ஸ் கம்பெனின்னு ஒண்ணு பின்னாடி கிடையாது. இழப்பீடு முழுக்க வண்டிக்காரர் கையில இருந்து. வீட்டை வித்துக் கட்ட வேண்டி வரலாம். ஒழுங்கான 25 கி.மீ. வண்டியா இருந்தாலும், அது மோட்டார் வாகனமே இல்லைங்கிறதால அடிபட்டவர் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. சிவில் கோர்ட்டுலதான் அலையணும். நாள் கூலிக்குத் திரி வெட்டப் போற ஒரு பெண் ரோடு தாண்டுறப்ப அடிபட்டா, அந்தம்மா எந்தக் கோர்ட்டுல அலையும்? 1946-ல வந்த பாதுகாப்பு 2005-ல போட்ட விலக்கால இங்க இல்லாம போகுது. வரலாறு படிச்சதுல எனக்கு மனசை உறுத்தினது இதுதான்.

நம்ம ஊருக்கு இந்த எண் விவகாரம் புரியாதது இல்லை. 1999-ல இருந்து நாலு மீட்டர் தூரத்துல 125 டெசிபலுக்கு மேல வெடிக்கிற பட்டாசு செய்யக்கூடாதுன்னு விதி இருக்கு. டப்பாவுல என்ன எழுதியிருக்குங்கிறதா முக்கியம்? உள்ள என்ன இருக்குங்கிறதுதான். லேபிள் அடிக்கிறது எவ்வளவு சுலபம்னு லேபிள் அடிக்கிற ஊர்க்காரனுக்குத் தெரியாதா!

அண்ணாச்சிக்கு நான் சொன்னது: திருத்தங்கல்-சிவகாசி அஞ்சு கிலோமீட்டருக்கு 25 கி.மீ. வண்டி போதும். ஆனா சோதனை நிலையச் சான்றோட நகலைக் கையில வாங்குங்க, பில்லுல மாடல் பேரும் மோட்டார் வாட்டும் எழுதச் சொல்லுங்க. சட்டம் கேக்காட்டியும் பிள்ளைக்கு ஹெல்மெட் போட்டு அனுப்புங்க. விருதுநகர்ல இருந்து நாலுவழிச்சாலை வழியா தினம் போயிட்டு வரணும்னா இந்த வண்டி வேண்டவே வேண்டாம். லாரிக்கு நடுவுல 25-ல போறது சிவப்புக்கொடி இல்லாம நடக்கிறதுக்குச் சமம். பச்சை நம்பர் பிளேட் போட்ட பெரிய வண்டியா வாங்கி, லைசென்ஸும் எடுத்துருங்க.

கொசுறு: வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்ங்கிறது 2016-ல வந்தது. ஒரு சார்ஜுக்கு ஒரு யூனிட் சொச்சம்தான். ஃபேனையும் டிவியையும் கொஞ்சம் பார்த்து உபயோகிச்சா, வண்டி கிட்டத்தட்ட ஓசியிலயே ஓடும் :-)