ஏட்டில் இல்லாத தகுதி

பீட்டர்ஸ்பர்க் நகரத்துக் கசான் பேராலயம். காலம், ஜார் மன்னர்களின் காலம். ஆண்டுக்கொரு முறை ஆலயம் சென்று பாவமன்னிப்புக் கேட்டாக வேண்டும் என்பது அன்று அந்நாட்டில் மதம் மட்டும் இட்ட கட்டளையன்று; அரசும் சேர்ந்து இட்ட கட்டளை. கேட்டு முடித்தவர் தம் பெயரை ஏட்டில் பதிவு செய்தாக வேண்டும்.

ஏட்டருகே ஓர் இளைஞர் வந்து நின்றார். பெயரைக் கேட்டனர், சொன்னார். தகுதியைக் கேட்டனர், இசைக் கலைஞன் என்றார். எழுதுகோல் நின்றுவிட்டது. அரசு நாடக அரங்கில் பணியா என்று கேட்டனர்; இல்லை என்றார். ஏதேனும் கல்விக்கூடத்தில் ஆசிரியரா? அதுவும் இல்லை. அரசாங்க அலுவலரா? இல்லவே இல்லை. திகைத்துப் போன ஏட்டாளர் இறுதியாக ஒன்று கேட்டார்: தந்தை யார்? இரண்டாம் தர வணிகர் என்று விடை வந்தது. திகைப்புத் தீர்ந்தது, எழுதுகோல் ஓடிற்று. ‘இரண்டாம் தர வணிகரின் மகன்’ என்று ஏடு அவரை ஏற்றுக்கொண்டது!

அந்த இளைஞர்தாம் அந்தோன் ரூபின்ஸ்டீன். பத்து வயது எட்டுமுன்னே மாஸ்கோ மக்கள்முன் பியானோ வாசித்தவர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே ஐரோப்பியத் தலைநகரங்களைத் தம் பத்து விரல்களால் வியக்க வைத்தவர். உலகறிந்த அந்த விரல்களை ஏடு அறியவில்லை. அது அறிந்ததெல்லாம் தகப்பன் பெயரை! பின்னாளில் தம் வாழ்க்கையை எடுத்துரைத்தபோது ரூபின்ஸ்டீனே இந்நிகழ்ச்சியை நினைவு கூர்ந்தார்.

தோழர்களே, ரஷ்யப் பியானோ இசையின் வரலாற்றை இந்த ஏட்டிலிருந்து தொடங்குவதே முறையென நாம் கருதுகிறோம். ஏனெனில் அவ்வரலாறு, பிறப்பைப் பார்த்தவர்களுக்கும் உழைப்பைப் பார்த்தவர்களுக்கும் இடையே நடந்த போரின் வரலாறுமாகும்.

அன்றைய ரஷ்யாவில் ஒவ்வொரு மனிதனும் ஒரு பிரிவில் பிறந்தான். பிரபு, குரு, வணிகன், நகரத்தான், உழவன் என்று ஏதேனும் ஒன்று அவன் நெற்றியில் எழுதப்பட்டிருந்தது. உழவரிற் பெரும்பகுதியினர் பண்ணையடிமைகள். செல்வப் பிரபுக்கள் தம் மாளிகைகளில் அடிமைகளைக் கொண்டே இசைக்குழு அமைத்தனர். ஷெரமெத்தியெவ் பிரபுக் குடும்பத்தின் அடிமை நாடகக் குழுவும் இசைக்குழுவும் பெயர் பெற்றவை. இசை தெரிந்த அடிமை விற்பனைக்கு உண்டு என்று செய்தித்தாளில் விளம்பரம் வந்த காலமும் இருந்தது! பண்ணையடிமை முறை ஒழிந்தது 1861-ஆம் ஆண்டில்தான்.

அடிமை வாசித்தால் அது ஊழியம். பிரபு வாசித்தால் அது பொழுதுபோக்கு. மேடையேறிப் பொருளீட்டிய பியானோக் கலைஞரோ பெரும்பாலும் வெளிநாட்டார். அயர்லாந்தில் பிறந்து 1802-இல் ரஷ்யா வந்த ஜான் ஃபீல்ட் அவர்களில் ஒருவர். பல்லாண்டுகள் ரஷ்யாவிலேயே கற்பித்து 1837-இல் மாஸ்கோவில் மறைந்தார். ஓவியருக்குக் கலைக்கழகம் இருந்தது; ‘சுதந்திரக் கலைஞர்’ என்ற சட்டப்படியான தகுதி இருந்தது. அரசு அரங்கின் நடிகருக்கும் ஒரு தகுதி இருந்தது. இசையே வாழ்வாகக் கொண்ட ரஷ்யனுக்கு மட்டும் எதுவும் இல்லை.

ரூபின்ஸ்டீனுக்கோ இடர் இரட்டிப்பு. 1829-இல் டினீஸ்டர் ஆற்றையடுத்த விக்வாத்தினெட்ஸ் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். யூதர் இந்த எல்லைக்குள்தான் வாழலாம் என்று கோடு கிழித்து வைத்திருந்தது ஜார் ஆட்சி. 1827-இல் முதலாம் நிக்கலாய் மன்னன் பிறப்பித்த ஆணை, யூதச் சிறுவரையும் படைக்கு இழுத்துச் செல்ல வழி செய்தது. 1831-இல் அந்தக் குடும்பம் முழுவதும் கிறித்தவ மதம் தழுவிற்று. உள்ளம் மாறியதால் மாறினரா? இல்லை, உயிர் வாழ வழி தேடி மாறினர். அதன் பின்னரே மாஸ்கோவில் குடியேறி, தந்தை ஒரு சிறு தொழிற்சாலை நடத்த முடிந்தது. மதத்தை மனிதன் தேர்ந்தெடுப்பதாகச் சொல்வார்கள். இங்கே மதத்தைத் தேர்ந்தெடுத்தது சட்டத்தின் சவுக்கு!

அன்னை கலேரியாவே முதல் ஆசிரியை. பின்னர் வில்லுவான் என்னும் ஆசிரியர் சிறுவனை ஐரோப்பாவெங்கும் அழைத்துச் சென்றார். தந்தை மறைந்த பின் வியன்னாவில் வறுமை வாட்டிற்று. பாடம் சொல்லிக் கொடுத்து வயிறு வளர்த்தார் இளைஞர். 1848-இல், ஐரோப்பா எங்கும் புரட்சித் தீ பரவிய ஆண்டில், அவர் தாயகம் திரும்பினார். எல்லைக் காவலர் அவருடைய பெட்டியைத் திறந்தனர். உள்ளே தாள் தாளாக இசைக் குறிகள். அவை புரட்சிக்காரரின் மறைமொழியாக இருக்குமோ என்று ஐயுற்றுப் பெட்டியையே பறித்துக்கொண்டனர். அறிவைக் கண்டு அஞ்சும் ஆட்சிக்கு இசையும் வெடிகுண்டாகத்தான் தெரியும் போலும்!

இத்தகைய நாட்டில் என்ன செய்வது? புலம்பிக்கொண்டே வாழலாம்; வெளிநாடு சென்று புகழோடு பிழைக்கலாம். ரூபின்ஸ்டீன் மூன்றாவது வழியைத் தேர்ந்தார். ஏட்டில் இடமில்லையென்றால் ஏட்டையே மாற்றுவோம் என்று முனைந்தார். எலெனா பாவ்லோவ்னா என்னும் அரச குடும்பப் பெருமாட்டியின் துணையோடு 1859-இல் ரஷ்ய இசைக் கழகம் அமைந்தது. 1862-இல் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரி பிறந்தது. தம்பி நிக்கலாய் ரூபின்ஸ்டீன் 1866-இல் மாஸ்கோவில் மற்றொரு கல்லூரியை நிறுவினார். தேர்ச்சி பெற்றவருக்குச் ‘சுதந்திரக் கலைஞர்’ என்ற பட்டம் கிடைத்தது. வெறும் காகிதமா அது? யூத இளைஞனுக்கு அது, கிழித்து வைத்த கோட்டைத் தாண்டி நாட்டின் எந்நகரிலும் வாழும் உரிமை! தகப்பன் யார் என்று கேட்ட நாடு, நீ கற்றது என்ன என்று முதன்முறையாக ஓர் இசைக் கலைஞனைக் கேட்டது.

இன்னொன்றையும் நாம் குறித்தாக வேண்டும். இசை இலக்கணத்தை ரஷ்ய மொழியில் கற்பிக்க முடியும் என்று அன்று அந்நாட்டுக் கற்றோரே நம்பவில்லை. ஜெர்மன் மொழியில் இருக்கலாம், பிரெஞ்சில் இருக்கலாம். உழவன் பேசும் மொழியிலா என்று உதட்டைப் பிதுக்கினர். ரூபின்ஸ்டீன் அதையும் செய்து காட்டினார். சரெம்பா என்னும் ஆசிரியர் ரஷ்ய மொழியிலேயே பாடம் நடத்தினார். தாய்மொழிக்குத் தகுதியில்லை என்போர் எந்நாட்டிலும் உண்டு. செயலே அவர்களுக்கு விடை.

அந்த வகுப்பில் வந்தமர்ந்தவர்களில் ஒருவர் நீதித்துறை அமைச்சகத்தில் எழுத்தராக இருந்த இளைஞர். 1863-இல் அந்த வேலையை உதறினார். 1865-இல் தேர்ச்சி பெற்றார். அடுத்த ஆண்டே நிக்கலாய் அவரை மாஸ்கோவுக்கு அழைத்து ஆசிரியராக்கினார். அவர் பெயர் பீட்டர் சைக்கோவ்ஸ்கி. கல்லூரி பிறந்திராவிட்டால் கோப்புகளோடு கோப்பாகக் கிடந்து மறைந்திருக்கக்கூடிய பெயர்!

1874-ஆம் ஆண்டின் இறுதியில் சைக்கோவ்ஸ்கி, பியானோவும் பெரிய இசைக்குழுவும் சேர்ந்து ஒலிக்கும் தம் முதற் பெரும்படைப்பை நிக்கலாய்க்கு வாசித்துக் காட்டினார். நிக்கலாய் அதைக் கடுமையாகக் குறை கூறினார், திருத்தச் சொன்னார். வேலை தந்தவர், நண்பர், நகரின் தலைசிறந்த பியானோக் கலைஞர் சொன்னார் என்பதற்காக இளையவர் பணிந்துவிடவில்லை. படைப்பு கடல் கடந்தது. 1875 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹான்ஸ் ஃபான் பியூலோ அதை அரங்கேற்றினார். பிறகு நடந்ததே நம்மைக் கவர்கிறது. நிக்கலாய் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். மாஸ்கோவில் அதை நடத்திக் கொடுத்தார். பின்னர்த் தாமே பியானோவில் அமர்ந்து வாசித்தார். 1881-இல் அவர் பாரிசில் மறைந்தபோது சைக்கோவ்ஸ்கி அவர் நினைவாகவே மூவர் வாசிக்கும் ஓர் இசைப் படைப்பை இயற்றினார். ஆசான் சொல் அப்படியே வேதவாக்கு என்னும் குருட்டுப் பக்தி அங்கே இல்லை; ஆசானைத் தூற்றும் நன்றிகெட்டதனமும் இல்லை.

எதிர்ப்பே இல்லையா என்பீர்கள். இருந்தது. பலக்கிரெவும் அவருடைய தோழர்களும், கல்லூரி வெளிநாட்டுச் சட்டங்களைத் திணித்து ரஷ்ய உள்ளத்தைக் கெடுக்கும் என்றனர். 1862-இல் அவர்களே இலவச இசைப் பள்ளி ஒன்றைத் திறந்து எளிய மக்களுக்கும் பாடக் கற்பித்தனர். நாட்டுப்புற மக்களின் பாடலில் செல்வம் உண்டு என்ற அவர்கள் கூற்றில் உண்மை இருந்தது. அவ்வணியின் முசோர்க்ஸ்கி, மறைந்த ஓவிய நண்பர் ஹார்ட்மனின் கண்காட்சியைக் கண்டு 1874-இல் பியானோவுக்கென இயற்றிய படக் காட்சித் தொகுப்பில் மாட்டு வண்டியின் கனத்த ஓட்டமும் இசையாயிற்று. ஆனால் அப்பெருங் கலைஞன் அரசு அலுவலகத்தில் எழுதி எழுதி, குடியால் உடல் கெட்டு, 1881-இல் மருத்துவமனையில் மாண்டார். அத்தொகுப்பு அச்சேறியது 1886-இல்! உள்ளத்தில் ஊற்று இருந்தால் போதாது; கலைஞனைக் காக்கும் ஏற்பாடும் வேண்டும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுமோ?

ரூபின்ஸ்டீனின் புகழோ உலகை வலம் வந்தது. 1872-73-இல் அமெரிக்காவில் மட்டும் 215 நிகழ்ச்சிகள். 1885-86-இல், பியானோ இசையின் வரலாறு முழுவதையும் ஏழு நிகழ்ச்சிகளில் அடக்கி நகரந்தோறும் வாசித்தார். சீமான்கள் காசு கொடுத்துக் கேட்டதை மறுநாள் மாணவர்களுக்கு இலவசமாகவே வாசித்தார்!

1887-இல் மீண்டும் கல்லூரித் தலைமையை ஏற்றார். அதே ஆண்டில்தான், பல்கலைக்கழகங்களில் யூத மாணவர் மாஸ்கோவிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் நூற்றுக்கு 3 பேருக்கு மேல் கூடாது என்று ஜார் ஆட்சி வரம்பு கட்டிற்று. இசைக் கல்லூரியிலும் சேர்க்கையையும் பரிசையும் இனம் பார்த்தே வழங்க வேண்டும் என்று அரண்மனை அழுத்திற்று. 1891-இல் ரூபின்ஸ்டீன் பதவியைத் துறந்து வெளியேறினார். தாம் பெற்ற பிள்ளையைப் போன்ற கல்லூரியை விட்டே வெளியேறினார்!

இங்கே சிலர் குறும்பாகக் கேட்கலாம்: இட ஒதுக்கீடு கேட்கும் நீங்களா இதைப் போற்றுகிறீர்கள் என்று. ஆம், நாமே போற்றுகிறோம். ஒடுக்கப்பட்டோர்க்கு ஒதுக்கும் இடம், பூட்டிய கதவைத் திறக்கும் சாவி. ஜார் இட்ட வரம்போ, ஒடுக்கப்பட்டோரை வெளியே நிறுத்திக் கதவை அடைக்கும் தாழ்ப்பாள். இரண்டிலும் எண்கள் இருக்கின்றன என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடா.

போற்றும் நாம் குறையையும் மறைக்கமாட்டோம். 1890-இல் ரூபின்ஸ்டீன் தொடங்கிய அனைத்துலகப் போட்டிக்கு நாடு, மதம், வகுப்பு எதுவும் தடையன்று என்று அறிவித்தார். ஆனால் ஆடவர் மட்டுமே கலந்துகொள்ளலாம்! அவருடைய கல்லூரியிலேயே பயின்று, உலக மேடைகளில் புகழ் பெற்று, 1893 முதல் அங்கேயே பேராசிரியையாய் அமர்ந்தவர் அன்னா யெசிப்போவா. புரோகோபியெவ் என்னும் மேதை அவரிடம் பியானோ பயின்றவர். ஆசிரியையாகத் தகுதியுள்ள பெண்ணுக்குப் போட்டியில் அமரத் தகுதியில்லையாம்! பல பூட்டுகளை உடைத்த கையே ஒரு பூட்டைப் பூட்டியபடியே விட்டது.

1894-இல் ரூபின்ஸ்டீன் மறைந்தார். அவர்கள் நட்ட மரம் காய்த்துக்கொண்டே இருந்தது. மாஸ்கோக் கல்லூரியிலிருந்து 1892-இல் ராக்மனினோவும் ஸ்கிரியாபினும் வெளிவந்தனர். யூதரை நூற்றுக்கு மூவர் என்று எண்ணிய நாட்டில், ஒடெசா நகர யூதக் குடும்பத்தில் 1916-இல் பிறந்த எமில் கிலெல்ஸ் 1955-இல் அமெரிக்க மேடையேறிச் சோவியத் நாட்டின் பெருமையாய் விளங்கினார்.

கல்லூரிகள் இன்றும் உள்ளன. பீட்டர்ஸ்பர்க் கல்லூரி ரிம்ஸ்கி கோர்சக்கோவ் பெயராலும், மாஸ்கோக் கல்லூரி சைக்கோவ்ஸ்கி பெயராலும் அழைக்கப்படுகின்றன. நிறுவிய அண்ணன் தம்பியர் பெயர் இரண்டிலும் இல்லை. கசான் பேராலயமும் உள்ளது. 1932-இல் அது மத வரலாற்றையும் நாத்திகத்தையும் விளக்கும் அருங்காட்சியகமாயிற்று. 1990-களில் மீண்டும் வழிபாடு வந்தது; பின்னர் அருங்காட்சியகம் வேறிடம் சென்றது. கட்டடங்கள் கைமாறும், பெயர்ப் பலகைகளும் மாறும். ஆனால் கற்றவனைக் கற்றவன் என்றே பதிவு செய்யும் ஏடு ஒருமுறை திறந்துவிட்டால், அதை மூட ஜாரின் கையாலும் முழுதாக இயலவில்லை.

இளைஞரே, பெயரைச் சொன்ன பின்னும் தகப்பன் யார், குலம் எது என்று துருவும் ஏடு எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் அந்தப் பியானோக் கலைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். ஏட்டைக் கண்டு அவர் தலை கவிழவில்லை. பள்ளி கட்டினார்.