தங்கவயலின் கேள்வி மரபு: சுரங்கக் கூண்டிலிருந்து இணைய முகப்பு வரை

தமிழில் ‘கேள்வி’ என்ற சொல் வினாவையும் குறிக்கும், செவிவழிக் கல்வியையும் குறிக்கும். திருக்குறள் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கென 42ஆம் அதிகாரத்தைத் தனியே வகுத்திருப்பது, ஏட்டைப் படிப்பதையும் கற்றவர் வாய்மொழியைக் கேட்பதையும் முன்னோர் இருவேறு வழிகளாகக் கருதினர் என்பதற்குச் சான்று. இணையத்தளம் அமைக்கும் தொழில், குறிப்பாகப் பயனர் கண்ணெதிரே திரையில் காணும் பகுதியை உருவாக்கும் ‘ஃபிரண்ட்எண்ட்’ எனப்படும் முகப்புப் பொறியியல், பாடநூல்களைவிட வல்லுநர் உரைகளையே நம்பி வளர்ந்த ஒன்று. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் சுரங்கப் பகுதிகளை ஒட்டித் தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய ஆண்டர்சன்பேட்டையிலிருந்து நோக்கினால், இத்தகைய கல்விமுறை அவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. கேட்கும் இடமும் கேட்கப்படும் பொருளுமே மாறியுள்ளன.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே சுரங்கப் பணியைக் கையில் எடுத்தபின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் திரண்டு வந்தனர். 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பத்துக்கு இருப்புப்பாதை வந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு கிடைத்தது அதற்குப் பின் 1905இல்தான் என்பதை நினைத்தால், அக்காலத் தொழில்நுட்பத்தின் முன்வரிசையில் இவ்வயல் நின்றது விளங்கும். ஆயினும் அத்தொழில்நுட்பத்தைப் பற்றிய பேச்சு இரண்டு தளங்களில் பிரிந்தே நடந்தது. பாறைவெடிப்பு, அதாவது பெரும் ஆழத்தில் அழுத்தம் தாளாமல் பாறை தானே சிதறுவது, காற்றோட்டம், தாது அரைப்பு முதலியவை குறித்துப் பொறியாளர்கள் தங்கள் சங்கத்தில் ஆங்கிலத்தில் கட்டுரை வாசித்து விவாதித்தனர். அவை இதழ்களாக அச்சேறின. நிலத்துக்கடியில் பணிசெய்தவரோ மேஸ்திரியின் வாய்ச்சொல்லிலும் மூத்தவரின் கைப்பழக்கத்திலும் தொழிலைக் கற்றனர். ஆட்களைச் சுமக்கும் கூண்டு எந்த மணியோசைக்கு ஏறும், எதற்கு இறங்கும் என்பது அவர்களுக்கு முதற்பாடம். அதில் பிழைத்தால் மறுபாடம் இல்லை.

இவ்விரண்டுக்கும் புறம்பாக மூன்றாவது அவையொன்றும் தங்கவயலில் கூடியது. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அதன் சொற்பொழிவுகள் ஆங்கிலம் அறியாத தொழிலாளிக்கும் திறந்திருந்தன. அச்சங்கத்தைச் சேர்ந்த ஜி. அப்பாதுரையார் 1926 முதல் அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழை இங்கிருந்தே மீண்டும் நடத்தினார்; சாம்பியன் ரீஃபின் சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் எழுத்துகளை நூல்களாக்கியது. முதலில் மேடை, அடுத்து இதழ், பிறகு நூல் என்ற இந்த வரிசையை மனத்தில் இருத்திக்கொள்வது பின்வரும் செய்திகளுக்குப் பயன்படும்.

சுரங்கம் 1956இல் மைசூர் அரசின் கைக்கும் 1962இல் மத்திய அரசின் கைக்கும் மாறி, 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. அதன்பின் தங்கவயலின் பிழைப்பு பெரும்பாலும் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ஓடும் ரயில்களைச் சார்ந்ததாயிற்று. சுரங்கத்துக்காக இட்ட பாதை வேலைதேடிச் செல்வோரின் பாதையானது. அவ்வாண்டுகளில்தான் பெங்களூரில் நிரலாளர்கள் தம்முள் கூடிப் பேசும் பழக்கமும் பரவியது. எவரும் வந்து எதைப் பற்றியும் பேசலாம் என்னும் பார்கேம்ப் கூட்டங்கள் 2006இல் அங்கே தொடங்கின. 2010இல் தோன்றிய ஹாஸ்கீக் நிறுவனம், 2011இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கென ஜேஎஸ்ஃபூ என்னும் மாநாட்டையும், 2012இல் முகப்புத் தொழிலுக்கென மெட்டா ரிஃப்ரெஷ் என்னும் மாநாட்டையும் நடத்தி, உரைகளைக் காணொளிகளாகவும் வெளியிட்டது. கட்டணம் கட்டி அரங்கில் அமர இயலாதவருக்கு அரங்கைவிட அந்தப் பதிவே பெரிது.

முகப்புத் தொழில் பேச்சைச் சார்ந்திருப்பதற்குக் காரணம் அது வளர்ந்த விதத்திலேயே உள்ளது. ஒரு பக்கத்தின் எலும்புக்கூடாகிய எச்.டி.எம்.எல்., தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ்., அசைவையும் மறுமொழியையும் தரும் ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் ஒரே திட்டத்தில் பிறந்தவை அல்ல. 1991இல் டிம் பெர்னர்ஸ்-லீயின் வலை பொதுமக்களுக்கு வந்தது. 1994இல் ஹோகன் வியூம் லீ சி.எஸ்.எஸ். முன்மொழிவை வெளியிட்டார், 1995இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவை எழுதி முடித்தார். அவசரத்தில் பிறந்த மொழியின் ஓட்டைகளை அறிந்தவர்கள் அதை நாள்தோறும் கையாண்டவர்களே. அந்த அறிவு பாடத்திட்டங்களில் ஏறும்முன் மேடைகளில் ஏறியது. யாஹூ நிறுவனத்தில் டக்ளஸ் கிராக்ஃபோர்டு ஜாவாஸ்கிரிப்ட் பற்றி ஆற்றிய உரைகள் முதலில் காணொளிகளாகப் பரவின. அம்மொழியின் நல்ல பகுதிகளைப் பிரித்துக் காட்டும் அவருடைய நூல் 2008இல்தான் வந்தது. சொற்பொழிவு நூலாவது மாரிக்குப்பத்து வரிசையேயாகும்.

உரை தருவதும் கையேடு தருவதும் ஒன்றல்ல. ஒரு கருவியை எப்படி இயக்குவது என்று கையேடு சொல்லும். அக்கருவி ஏன் அப்படி ஆனது, எந்த வழி தோற்றதால் இந்த வழி எடுக்கப்பட்டது என்பதை உரை சொல்லும். ரியாக்ட் என்னும் கருவியை ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2013 மே மாதம் அமெரிக்காவில் ஜேஎஸ்கான்ஃப் மாநாட்டில் அறிமுகப்படுத்தியபோது, எலும்புக்கூட்டையும் அசைவையும் ஒரே கோப்பில் கலப்பது முறைகேடு என்று பலர் எள்ளினர். அதே ஆண்டு பெர்லினில் பீட் ஹன்ட் ஆற்றிய உரை, வேறுபட்ட மொழிகளைப் பிரித்து வைப்பது வேறு, வேறுபட்ட பொறுப்புகளைப் பிரித்து வைப்பது வேறு என்று வாதாடி, எள்ளியவர்களையே எண்ணவைத்தது. 2015இல் பாரிசில் டான் அப்ரமோவ் ஆற்றிய உரை இன்னும் விந்தையானது: ரிடக்ஸ் என்னும் கருவியை அவர் அந்த உரைக்கான முன்னேற்பாட்டின்போதுதான் உருவாக்கினார். மேடை கருவியை விளக்கியதோடு நில்லாமல் பெற்றெடுக்கவும் செய்தது.

இவ்வுரைகளுள் தொடக்கநிலை மாணவருக்கு மிகவும் பயன்படுவது, 2014இல் பிலிப் ராபர்ட்ஸ் பெர்லினில் ஆற்றிய ‘ஈவென்ட் லூப்’ எனப்படும் நிகழ்வுச் சுழல் பற்றிய உரை. அது விளக்கும் புதிரைச் சுரங்கச் சொற்களிலேயே சொல்லலாம். ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒரே ஒரு கூண்டுதான் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் அது ஏற்றும். ‘ஒன்று’ என்று அச்சிடுக, சுழி வினாடி கழித்து ‘இரண்டு’ என்று அச்சிடுக, ‘மூன்று’ என்று அச்சிடுக என மூன்று கட்டளைகளை அடுத்தடுத்து எழுதினால், திரையில் ஒன்று, மூன்று, இரண்டு என்ற வரிசையே தோன்றும். காத்திருப்பு சுழிதான் என்றாலும், ‘கழித்து’ என்று சொன்ன மாத்திரத்தில் அவ்வேலை கூண்டிலிருந்து இறக்கப்பட்டு வரிசையில் நிறுத்தப்படுகிறது. கையிலிருக்கும் வேலையெல்லாம் முடிந்து கூண்டு காலியானால்தான் சுழல் வரிசையின் முதலாளை உள்ளே விடும். ஆகவே அங்கே சுழி என்பது ‘உடனே’ என்று பொருள்படாது, ‘வரிசையில் நில்’ என்றே பொருள்படும். கூண்டில் நெடிய வேலையொன்று சிக்கிக்கொண்டால் திரை உறைந்து, பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அசையாமல் நிற்பதன் காரணமும் இதுவே. ராபர்ட்ஸ் இதை வாயால் மட்டும் சொல்லவில்லை. கட்டளைகள் கூண்டில் ஏறி இறங்குவதைக் கண்முன் காட்டும் சிறு கருவி ஒன்றையும் தாமே செய்து திரையில் ஓடவிட்டார். பல பக்க விளக்கத்தில் பிடிபடாதது அந்த அசைவில் பிடிபடுவதால்தான் அவ்வுரை இன்றும் பரிந்துரைக்கப்படுகிறது.

இருப்பினும் கேட்டதனால் மட்டும் தளம் எழும்பாது. அரைமணி உரையைக் கேட்டு முடித்தவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது போன்ற மயக்கம் எளிதில் வரும்; அதே மூன்று வரிகளைத் தாமே தட்டச்சு செய்து, வரிசையை மாற்றி, விடையை முன்கூட்டி ஊகித்துப் பார்க்கும்போதுதான் மயக்கம் கலையும். மேஸ்திரியின் சொல்லைக் கேட்டவன் மறுநாளே துளைக்கருவியைப் பிடித்தாக வேண்டியிருந்தது. காணொளி அந்தக் கட்டாயத்தை விதிப்பதில்லை. அதற்கு ஈடாக, புரியாத இடத்தில் நிறுத்திப் பின்னோக்கி ஓட்டும் வசதியை எந்த மேஸ்திரியும் தந்ததில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கி இணையத் தரவின் விலை சரியும்வரை, அவ்வசதிக்குக் கொடுக்கவேண்டிய காசு சிற்றூர் மாணவருக்குச் சிறியதாக இருக்கவில்லை.

மொழியின் தடை அவ்வளவு விரைவில் சரியவில்லை. பெயர்பெற்ற உரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் நகைச்சுவையும் வட்டார உச்சரிப்பும் கலந்து விரைந்து ஓடுபவை. 2012இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழும், அதன் வழியே து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில்’ வரிசை நூல்களும் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். ஆகியவற்றின் அடிப்படைகளைத் தமிழில் இலவசமாகத் தந்தன. சித்தார்த்த புத்தகசாலை செய்த பணியோடு இதனை ஒப்பிடுவது மிகையாகாது. ஆனால் அடிப்படைகளைத் தாண்டிய வாதங்கள், அதாவது ஏன் இந்த வழி, ஏன் அந்த வழி அன்று என்பவை, தமிழில் இன்னும் குறைவு.

பதிவுகளுக்கு மூப்பும் உண்டு. 2013இல் மேடையில் காட்டிய ரியாக்ட் நிரல் இன்றைய பதிப்பில் அப்படியே ஓடாது. 2018 அக்டோபரில் நடந்த ரியாக்ட் மாநாட்டில் ‘ஹுக்ஸ்’ என்னும் புதிய முறை அறிமுகமானபின் எழுதும் பாணியே மாறிவிட்டது. ஆகவே இரண்டு உரைகளையும் அடுத்தடுத்துக் கேட்பதே தக்கது: முதலாவதில் ஒரு வழி எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதும், இரண்டாவதில் ஐந்தாண்டுப் பழக்கத்துக்குப் பின் அதில் எது இடறியது என்பதும் தெரியவரும். மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போய்ச் சேரும் ஒரு ரயில் பயணத்துக்குள் இவ்விரண்டையும் கேட்டு முடித்துவிடலாம்.