உலாவி நீட்டிப்புகள்: நாம் அறியாமல் எழுதிக்கொடுக்கும் பொது அதிகாரம்

வன்கொடுமை வழக்கொன்றின் ஆவணங்களில் பெரும்பகுதி இன்று இணைய உலாவிக்குள்ளேயே உருவாகிறது. சாட்சியின் வாக்குமூலம் கூகுள் டாக்ஸில் தட்டச்சு செய்யப்படுகிறது. சாதிச் சான்றிதழும் மருத்துவச் சான்றும் டிரைவில் ஏற்றப்படுகின்றன. அவற்றின் இணைப்பு உண்மை அறியும் குழுவினருக்குள் பகிரப்படுகிறது. கடவுச்சொல்லை வலுவாக்குவது குறித்தும் இருபடிச் சரிபார்ப்பு குறித்தும் நாம் ஓரளவு பேசியிருக்கிறோம். ஆனால், அதே உலாவியில் என்றோ சேர்த்துவிட்டு மறந்துபோன சிறு மென்பொருள்களைப் பற்றிப் பேசியதில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 15அ, பொதுமக்கள் பார்வைக்கு வரும் வழக்குப் பதிவுகளில் சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைக்கச் சிறப்பு நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளிக்கிறது. நீதிமன்றம் மறைக்கும் அந்தப் பெயர் நமது கணினியிலிருந்து கசியுமானால், பாதுகாப்பைக் குலைத்தவர்கள் நாமே ஆவோம்.

நீட்டிப்பு என்றால் என்ன?

விளம்பரங்களைத் தடுக்கவும், இலக்கணப் பிழை திருத்தவும், தமிழில் தட்டச்சு செய்யவும், பக்கங்களைப் படமெடுக்கவும் உலாவியில் சேர்க்கப்படும் சிறு மென்பொருளே நீட்டிப்பு. பயர்பாக்ஸ் இதைத் துணைநிரல் என்று குறிப்பிடும். நிறுவும்போது இவற்றில் பல, எல்லா இணையதளங்களிலும் உள்ள நம் தரவுகளைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கின்றன. நாமும் படிக்காமல் ஒப்புக்கொள்கிறோம்.

சட்ட மொழியில் சொன்னால், இது ஒரு பொது அதிகாரப் பத்திரம். இந்த அனுமதியைப் பெற்ற நீட்டிப்பு, திரையில் நாம் காண்பதையெல்லாம் காணும். நாம் தட்டச்சு செய்வதையும் படிக்கும். முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுச் சின்னமோ விபிஎன்னோ இதைத் தடுக்காது. அவை வழியில் செல்லும் தரவை மட்டுமே காக்கின்றன, நீட்டிப்போ உலாவிக்கு உள்ளேயே இருக்கிறது. நாம் ஒரு கணக்கில் உள்நுழைந்திருப்பதைக் காட்டும் குக்கியை அது திருடிவிட்டால், கடவுச்சொல்லோ ஓடிபியோ இல்லாமலேயே அக்கணக்கிற்குள் பிறர் நுழைய முடியும்.

கேடு வரும் வழிகள்

முதலாவது, உரிமையாளர் மாறுவது. பயன்படுத்தாத தாவல்களை உறங்கவைக்கும் ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ நீட்டிப்பை 20 லட்சத்திற்கும் அதிகமானோர் பயன்படுத்தினர். அதை உருவாக்கியவர் 2020 ஜூனில் அடையாளம் வெளியிடாத ஒரு தரப்புக்கு விற்றார். தீங்கு நிரல் இருப்பதாகக் கூறி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. பயனர்கள் அனுமதி கொடுத்தது ஒருவருக்கு. அதைக் கையில் வைத்திருந்தவர் வேறொருவர். பத்திரம் கைமாறியதை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

இரண்டாவது, உருவாக்குநரின் கணக்கு பறிபோவது. தரவுப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட சைபர்ஹேவன் நிறுவனத்தின் ஊழியருக்கு 2024 டிசம்பர் 24 அன்று, குரோம் அங்காடியிலிருந்து வந்ததுபோன்ற போலி மின்னஞ்சல் வந்தது. விதிமீறலுக்காக நீட்டிப்பு நீக்கப்படும் என்று அது எச்சரித்தது. அதிலிருந்த இணைப்பின் வழியே அவர் ஒரு செயலிக்கு அனுமதி வழங்கிவிட்டார். அவரது கணக்கில் இருந்த இருபடிச் சரிபார்ப்பு அதைத் தடுக்கவில்லை. சுமார் 4 லட்சம் பயனர்களைக் கொண்ட நீட்டிப்பின் தீங்கான பதிப்பு கிறிஸ்துமஸ் நாளில் வெளியானது. புதுப்பிப்பு தானாகவே நிறுவப்படுவதால் பயனர் எதையும் சொடுக்க வேண்டிய தேவைகூட இல்லை.

மூன்றாவது, தரவு வணிகம். எட்டு நீட்டிப்புகள் சுமார் 40 லட்சம் பேரின் உலாவல் விவரங்களைத் திரட்டியதையும், அவை விற்பனைக்குக் கிடைத்ததையும் 2019இல் ஆய்வாளர் சாம் ஜடாலி வெளிப்படுத்தினார். திரட்டப்பட்டவற்றுள் பக்கங்களின் முழு முகவரிகளும் இருந்தன. இணைப்பு யாரிடம் இருந்தாலும் திறக்கக்கூடிய வரி ஆவணங்களும் அலுவலகக் கோப்புகளும் அவ்வாறு பிறர் கைக்கு எட்டின. நமக்கு மிக நெருக்கமான பாடம் இதுவே. இணைப்பை யாராலும் ஊகிக்க முடியாது என்பதற்காக அது இரகசியமாகிவிடாது.

நான்காவது, நேர்மையான பிழை. கிராமர்லி நீட்டிப்பின் ஒரு குறைபாட்டால், பயனர் செல்லும் எந்த இணையதளமும் அவரது கிராமர்லி ஆவணங்களை அணுக முடிந்தது என 2018 பிப்ரவரியில் கூகுளின் டேவிஸ் ஒர்மாண்டி கண்டறிந்தார். நிறுவனம் விரைந்து சரிசெய்தது. ஆயினும், நன்னோக்கம் மட்டுமே பாதுகாப்பு ஆகாது என்பதை இது காட்டுகிறது.

செய்ய வேண்டியவை

1. உலாவியின் பட்டியலில் நீட்டிப்புகளை நிர்வகிக்கும் பக்கத்தைத் திறந்து, எவையெல்லாம் உள்ளன என்று பாருங்கள். தேவையற்றதை அணைத்து வைக்காமல் நீக்கிவிடுங்கள்.

2. வைத்துக்கொள்ளும் ஒவ்வொன்றுக்கும் குரோமில் ‘விவரங்கள்’ பகுதிக்குச் சென்று, எல்லாத் தளங்களுக்குமான அணுகலைச் சொடுக்கும்போது மட்டும் அல்லது குறிப்பிட்ட தளங்களில் மட்டும் என மாற்றுங்கள். பொது அதிகாரம் குறிப்பிட்ட அதிகாரமாகச் சுருங்கும்.

3. வழக்கு வேலைக்கென்று தனி உலாவிச் சுயவிவரத்தை உருவாக்கி, அதில் எந்த நீட்டிப்பையும் சேர்க்காதீர்கள். அதற்குத் தனிக் கணக்கைப் பயன்படுத்துங்கள். ஒரே கணக்கில் ஒத்திசைவு இயங்கினால் நீட்டிப்புகளும் கூடவே வந்துவிடும்.

4. கல்லூரி ஆய்வகத்திலோ கணினி மையத்திலோ குரோமின் விருந்தினர் முறையைப் பயன்படுத்துங்கள். அதில் பிறர் நிறுவிய நீட்டிப்புகள் இயங்கா. ஆயினும், அக்கணினியிலேயே வேறு உளவு மென்பொருள் இருக்கலாம் என்பதால் சாட்சிகளின் ஆவணங்களை அங்கே திறக்காதிருப்பதே நல்லது.

5. ஆவணங்களை, இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று பகிராதீர்கள். குறிப்பிட்ட மின்னஞ்சல் முகவரிகளுக்கு மட்டும் அனுமதி அளித்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறுங்கள்.

6. நீட்டிப்பின் மீது ஐயம் எழுந்தால் முதலில் அதன் பெயர், அடையாள எண், பதிப்பு, அனுமதிகள் ஆகியவற்றைத் திரைப்படமாகச் சேமியுங்கள், அது சான்று. பின்னர் நீக்கிவிட்டு, வேறொரு பாதுகாப்பான கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள். கடவுச்சொல்லை மாற்றுவது மட்டும் போதாது.

சட்டம் என்ன சொல்கிறது?

உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியிலிருந்து தரவைப் படியெடுப்பதும் தீங்கு நிரலைப் புகுத்துவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் பிரிவு 43இன் கீழ் வருகின்றன. அது நேர்மையற்ற அல்லது மோசடியான எண்ணத்துடன் செய்யப்பட்டால், பிரிவு 66இன்படி மூன்று ஆண்டுகள் வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பிரிவு 46இன் கீழ், 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையைத் தீர்ப்பளிக்கும் அலுவலரிடம் முன்வைக்கலாம். மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே அந்த அலுவலர்.

ஆனால், நீட்டிப்பை இயக்குபவர் வேறு நாட்டில், பெயர் தெரியாமல் இருக்கையில் இப்பிரிவுகள் பெரும்பாலும் தாளிலேயே நின்றுவிடுகின்றன. மேலும், வெளியான சாட்சியின் முகவரியை எந்த இழப்பீடும் மீண்டும் இரகசியமாக்காது. எனவே, இங்கு தடுப்பே முதன்மையானது. உண்மை அறியும் குழு களத்திற்குப் புறப்படும் முன், அதன் உறுப்பினர்கள் ஒன்றாக அமர்ந்து ஒவ்வொருவரின் உலாவியையும் சரிபார்ப்பதை வழக்கமாக்க வேண்டும். நம்மை நம்பிப் பேசியவர்களுக்கு நாம் ஆற்ற வேண்டிய கடமைகளுள் இதுவும் ஒன்று.