திண்டிவனத்து இரவும் வேலூர் ஆய்வுக்கூடமும்: குருத்தணு ஆய்வுக்குப் பொதுப் பணம் வந்த வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு பிறக்கின்ற காலம். அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துத் திண்டிவனத்தில் அமெரிக்க மிஷன் மருத்துவர் ஜான் ஸ்கடர் பணியாற்றி வந்தார். உடல்நலம் குன்றிய தாயைக் கவனிப்பதற்காக அவருடைய மகள் ஐடா, அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அங்கே வந்திருந்தார். வயது இருபதையொட்டி இருக்கும். இந்தியாவில் தங்கும் எண்ணமோ, மருத்துவம் படிக்கும் எண்ணமோ அவருக்கு இல்லை.

ஓர் இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக அந்த பங்களாவின் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் வேறொரு இந்துச் சாதியைச் சேர்ந்தவர். என் தந்தை மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது, நீங்கள் வாருங்கள் என்றனர் அவர்கள். மருத்துவம் அறியாத அந்தப் பெண்ணால் போக இயலவில்லை. பொழுது விடிந்தபோது மூன்று தாய்மார்களும் இறந்திருந்தார்கள்.

இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் பலரும் கிழக்கத்திய மூடப் பழக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டாகவே இதைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். முஸ்லிம்களாகிய நாம் இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பெண் மருத்துவர் கிடைக்காத நிலையில், உயிர் காக்கும் அவசியத்தின் பொருட்டு ஆண் மருத்துவர் பெண்ணுக்குச் சிகிச்சை அளிக்கலாம் என்பது ஃபிக்ஹ் சட்ட அறிஞர்கள் தெளிவாகப் பேசிய விஷயம். அந்தச் சட்டம் நூல்களில் இருந்தது. திண்டிவனத்து அந்த வீட்டு வாசலை மட்டும் அது எட்டவில்லை. மார்க்கம் அனுமதித்த ஒன்றை வழக்கம் தடுத்தது. ஐடாவும் அந்த வழக்கத்தோடு வாதாடப் போகவில்லை. பெண் மருத்துவர் இல்லையென்றால் பெண் மருத்துவரை உண்டாக்குவோம் என்று அவர் முடிவு செய்தார்.

1899இல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் பணி தொடங்கினார். மனைவியின் நினைவாக ஷெல் என்ற நியூயார்க் செல்வர் கொடுத்த பத்தாயிரம் டாலரைக் கொண்டு 1902இல் ஒரு மருத்துவமனை எழுந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி பிறந்தது. இன்று உலகம் அறிந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, நம்மவர் வாயில் வெறும் "சி.எம்.சி.", அதன் வழி வந்ததுதான்.

ஒரு தனி மனிதரின் கொடையால் மருத்துவமனை எழுவது நமக்குப் புதிய செய்தியன்று. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய மன்சூரி மருத்துவமனை வக்ஃப் சொத்துகளின் வருவாயில் நடந்தது. நோயாளியின் உணவு முதல் மருத்துவரின் சம்பளம் வரை அதிலிருந்தே வழங்கப்பட்டது. நுரையீரல் வழியே இரத்தம் சுற்றிவரும் விதத்தை முதன்முதலில் எழுதிய இப்னு நஃபீஸ், தம் வீட்டையும் நூல்களையும் அந்த மருத்துவமனைக்கே எழுதி வைத்தார். ஆனால் கொடைக்கு ஓர் எல்லை உண்டு. கட்டிலும் மருந்தும் கண்முன் தெரிபவை. அவற்றுக்குக் கொடுக்க மனம் வரும். இருபது ஆண்டுகள் உழைத்தும் பலன் கிடைக்காமல் போகக்கூடிய ஓர் ஆய்வுக்குக் கொடுக்க எத்தனை பேர் முன்வருவார்கள்? அங்கேதான் பொதுப் பணத்தின் தேவை தொடங்குகிறது.

வேலூரில் அந்தத் தேவை எலும்பு மஜ்ஜையிலிருந்து எழுந்தது. நம் எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜையில் சில அணுக்கள் வாழ்நாள் முழுவதும் புதிய இரத்த அணுக்களை ஈன்றுகொண்டே இருக்கின்றன. ஸ்டெம் செல் என்று எல்லோரும் சொல்லும் குருத்தணுக்கள் இவை. பழுதுபட்ட மஜ்ஜையை அழித்துவிட்டு, பொருத்தமான ஒருவரின் மஜ்ஜையைச் செலுத்தினால், புதிய குருத்தணுக்கள் தாமாகவே எலும்புக்குள் சென்று குடியேறி இரத்தம் உண்டாக்கத் தொடங்கும். இந்தியாவில் இச்சிகிச்சை 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் முதன்முதலாக நடந்தது. வேலூரில் மருத்துவர் மாமன் சாண்டியின் தலைமையில் 1986இல் தொடங்கியது. அதே 1986இல்தான் மத்திய அரசு உயிரித் தொழில்நுட்பத் துறையைத் தனித் துறையாக அமைத்தது. இவ்விரண்டும் பின்னாளில் ஓரிடத்தில் சந்திக்கும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

இடையில் ஒரு பெரும் குழப்பம் வந்தது. 1998இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருமுளையிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்தெடுத்தார். அதற்காகக் கருமுளை அழிய வேண்டியிருந்தது. அரசின் பணத்தை இதற்குக் கொடுக்கலாமா என்ற சண்டை மூண்டது. 2001 ஆகஸ்டில் அதிபர் புஷ், அதுவரை உருவாக்கப்பட்ட அணு வரிசைகளில் நடக்கும் ஆய்வுக்கு மட்டுமே அரசு நிதி உண்டு என்று அறிவித்தார். அவ்வாறு பட்டியலிடப்பட்ட 64 வரிசைகளில் பத்து இந்தியாவில் இருந்தவை: ஏழு மும்பையின் ஒரு தனியார் நிறுவனத்திலும், மூன்று பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலும். கலிஃபோர்னியா மாநில மக்களோ 2004இல் வாக்களித்து, மூன்று பில்லியன் டாலர் கடன் பத்திரம் எழுப்பி, தாங்களே ஆய்வுக்குப் பணம் திரட்டினார்கள்.

இந்தச் சண்டையின் ஓசை நம் ஊர்களுக்கும் வந்தது, விளக்கம் வரவில்லை. குருத்தணு என்றாலே கருவைக் கொல்வது, ஆகவே ஹராம் என்ற எண்ணம் படித்தவர்களிடம்கூடப் பரவியது. ஆனால் முஸ்லிம் உலக லீக்கின் ஃபிக்ஹ் சபை 2003 டிசம்பரில் மக்காவில் கூடி இவ்விஷயத்தை நுணுக்கமாகவே ஆராய்ந்தது. வளர்ந்தோர் உடலிலிருந்தும், தொப்புள்கொடி இரத்தத்திலிருந்தும், தானாகக் கலைந்த கருவிலிருந்தும் குருத்தணு எடுப்பதை அது அனுமதித்தது. செயற்கைக் கருத்தரிப்பில் மிஞ்சிய கருமுளையைப் பெற்றோர் மனமுவந்து தந்தால் அதையும் அனுமதித்தது. ஆய்வுக்கென்றே கரு உருவாக்குவதையும், வேண்டுமென்றே கருவைக் கலைப்பதையும் தடுத்தது. ரூஹ் ஊதப்படும் காலம் குறித்து அறிஞர்கள் நெடுங்காலம் நடத்திய விவாதம் இங்கே பயன்பட்டது. எப்படியாயினும் வேலூரில் நடப்பது மஜ்ஜையையும் இரத்தத்தையும் சார்ந்த சிகிச்சை. அதில் கருமுளைக்கே இடமில்லை.

2005இல் உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிதியில், வேலூர் பாகாயத்தில், கல்லூரி வளாகத்திலேயே குருத்தணு ஆராய்ச்சி மையம் அமைந்தது. கிறித்தவ அறநிலையம் ஒன்றின் நிலத்தில், எல்லா மதத்தாரும் செலுத்தும் வரிப் பணத்தில், ஓர் அரசு ஆய்வுக்கூடம்! 2011 முதல் அது பெங்களூரின் இன்ஸ்டெம் நிறுவனத்தின் அங்கமாக இயங்குகிறது.

பணம் கொடுத்த அரசு, விதியும் வகுத்தது. 2007இல் வெளிவந்த வழிகாட்டு நெறிகளின் தலைப்பில் "ஆராய்ச்சி, சிகிச்சை" என்ற இரண்டு சொற்களும் இருந்தன. 2013இல் திருத்தியபோது "சிகிச்சை" என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற சிலவற்றைத் தவிர, மற்றவை எவையும் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அல்ல என்பதே காரணம். ஒரு சொல்லை நீக்கியதில் எத்தனை குடும்பங்களின் நகையும் நிலமும் அடங்கியிருக்கின்றன என்பது, ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் குருத்தணு ஊசி போடலாம் என்று ஆசை காட்டப்பட்டவர்களுக்குத் தெரியும். ஆட்டிசத்துக்கு அந்த ஊசி பரிந்துரைக்கத்தக்கதன்று என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் வெளிப்படையாகவே கூறிவிட்டது.

நிரூபிக்கப்பட்ட சிகிச்சை நம் வீட்டு வாசலுக்கு வருமிடம் தலசீமியா. தாயும் தந்தையும் நோயின்றி அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்புண்டு. பிறந்த சில மாதங்களிலிருந்து வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டும். தாய்மாமனை மணப்பது நமக்கு ஹராம். ஆனால் மாமன் மகளும் மாமி மகனும் நம் குடும்பங்களில் இயல்பான வரன்கள். மார்க்கம் அதை அனுமதித்திருக்கிறதே ஒழிய, கட்டாயமாக்கவில்லை. நிக்காஹ் பேசும் முன் ஓர் எளிய இரத்தப் பரிசோதனை போதும், இருவரும் அந்த மரபணுவைச் சுமக்கிறார்களா என்று தெரிந்துவிடும். நகையையும் மண்டபத்தையும் பேசும் இடத்தில் இதையும் பேசலாமே.

நோயுள்ள பிள்ளைக்கு உடன்பிறந்தோர் ஒருவரின் மஜ்ஜை பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்பிருக்கிறது. செலவு பல லட்சம். இங்கேயும் பொதுப் பணம் துணை நிற்கிறது. தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மஜ்ஜை மாற்றுக்கு இடமுண்டு. பொதுத்துறை நிறுவனமான கோல் இந்தியா, 2017 முதல் தலசீமியாப் பிள்ளைகளுக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை வழங்கும் திட்டத்தை நடத்துகிறது. அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் வேலூரும் ஒன்று. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ரயில் போகிறது. திண்டிவனத்துக்காரர்கள் வந்தவாசி, ஆரணி வழியே பேருந்தில் போய்விடலாம். முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் கேட்டு, அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் செல்வது நல்ல வழி.

வேலூர் மையத்தின் பெயரை உலகம் அறியச் செய்தது வேறொரு நோய்: ஹீமோஃபிலியா. இரத்தம் உறையாத நோய். பெண் சுமப்பாள், பெரும்பாலும் மகன் துன்புறுவான். இதை முதலில் விவரித்து எழுதியவர்களில் ஒருவர் அந்தலூஸின் அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஒரு கிராமத்தில் ஆண்கள் சிறு காயத்திலேயே இரத்தம் வடிந்து இறப்பதைத் தம் நூலில் பதிவு செய்தார். நம் வீடுகளில் இந்நோய் பல நேரம் கத்னாவின்போதுதான் முதன்முதலாக வெளிப்படுகிறது. தாய் வழியில் அப்படி ஒருவர் இருந்தால், கத்னாவுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு வழக்கமான சிகிச்சை, உடலில் இல்லாத எட்டாவது உறைபொருளை வாழ்நாள் முழுவதும் ஊசியில் ஏற்றுவது. வேலூரில் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர் வேறு வழியில் சென்றார்கள். நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களை எடுத்து, அவற்றில் அந்த உறைபொருளை உண்டாக்கும் மரபணுவைச் சேர்த்து, அவருக்கே திரும்பச் செலுத்தினார்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் துணை நின்றது. உயிரித் தொழில்நுட்பத் துறை நிதி தந்தது. ஐந்து நோயாளிகள். கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் இரத்தக்கசிவு ஏற்படவில்லை என்ற முடிவு 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயிற்று.

இங்கே நம்மவர் கேட்கக்கூடிய ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த மரபணுவின் வடிவமைப்பில், உறைபொருள் அதிகம் சுரக்கும் பொருட்டு, பன்றியின் மரபணு வரிசையின் சிறு பகுதி பின்பற்றப்பட்டுள்ளது. பன்றியின் உடலிலிருந்து ஏதும் எடுத்துச் செலுத்தப்படுவதில்லை. அந்த வரிசை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்படுவது. உயிர் காக்கும் அவசியமும், பொருள் மாற்றமடைவதாகிய இஸ்திஹாலாவும் பற்றி விரிவாகப் பேசிய நம் உலமாக்களிடம் இந்த விவரத்தை முழுமையாக வைத்துக் கேட்பதே முறை. அரைகுறைச் செய்தியை வாட்ஸ்அப்பில் பரப்பினால் 2001இன் குழப்பம் மீண்டும் வரும்.

ஐந்து பேர் என்பது தொடக்கம்தான். இன்னும் பலரிடம், இன்னும் பல ஆண்டுகள் சோதித்தாக வேண்டும். அதற்கு நிதி தொடர வேண்டும். இதே நோய்க்கு அமெரிக்காவில் 2023இல் அனுமதி பெற்ற ஒரு தனியார் நிறுவனத்தின் மரபணு மருந்துக்கு, ஒரு நோயாளிக்கான விலையாக 29 லட்சம் டாலர் குறிக்கப்பட்டது. வேலூரின் சிகிச்சை என்ன விலைக்கு வரும் என்பதை, அடுத்த கட்டச் சோதனைக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கும்.