எழுநூறு ஒலிகளில் இல்லாத பறை

அலங்காநல்லூர், வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கத்துப் பறைக்குழுப் பிள்ளைகள் முன்பெல்லாம் எங்களிடம் எந்த ஆசானிடம் போய்ப் பழகலாம் என்று கேட்பார்கள். இப்போது வேறு கேள்வி வருகிறது. "அண்ணே, சத்தமில்லாம பழகவும் ரெக்கார்டு பண்ணவும் எந்த டிரம் மாடியூல் வாங்கலாம்?" கடைக்காரரிடம் கேட்டால் விலையைச் சொல்வார். நாங்கள் கொஞ்சம் வரலாற்றைச் சொல்லிவிட்டுத்தான் மாடலுக்கு வருவோம். ஏனென்றால் அந்தப் பெட்டிக்குள் எந்த ஒலி இருக்கிறது, எது இல்லை என்பதும் சாதி வரலாற்றோடு சேர்ந்த விஷயம்.

முதலில் அந்தச் 'சத்தமில்லாமல்' என்ற சொல். மதுரை நகருக்குள் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு பையன் மிருதங்கம் பழகினால் பக்கத்து வீட்டார் முகம் சுளிக்கலாம், அல்லது "நல்லா வாசிக்கிறியே தம்பி" எனலாம். அதே அறையில் பறையை எடுத்து இரண்டு அடி அடித்தால் அடுத்து வருவது "நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு?" என்ற விசாரணை. மாதக் கடைசியில் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். மிருதங்கத்திலும் மாட்டுத்தோல்தான் இருக்கிறது. அது யாருக்கும் உறுத்துவதில்லை. ஆகவே ஹெட்போன் மாட்டிப் பழக ஒரு கருவி வேண்டும் என்று எங்கள் பிள்ளைகள் கேட்பதை வெறும் வசதிக்கான ஆசை என்று நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை.

பறை எப்போது ஒலிக்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதை அடிக்கிறவன் முடிவு செய்யாத காலம் நீண்டது. புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நான்கையும் குடிகளாக எண்ணுகிறது. அங்கே இழிவு இல்லை. பின்னாளில் ஊர்ச்சாட்டு, சாமிச்சாட்டு, இழவு என்று பறை கட்டாயக் குடிமைத் தொழிலானது. ஊர்க்காரன் வீட்டில் சாவு விழுந்தால் கூலி பேசாமல் போய் நிற்க வேண்டும். மறுத்தால் கட்டுப்பாடு, அடி, ஊர் விலக்கம். ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கும் 'பரையா' என்ற சொல்லே இந்தக் கருவியின் பெயரிலிருந்து போனதாகத்தான் அகராதிகள் எழுதுகின்றன. உலகம் முழுவதும் புழங்கும் ஒரு வசைக்குள் எங்கள் வாத்தியம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில், தீண்டாமையின் பேரால் ஒருவரைத் துப்புரவு செய்ய, செத்த மாட்டைத் தூக்க, தோல் உரிக்க, அது போன்ற வேலைகளைச் செய்யக் கட்டாயப்படுத்துவது குற்றம் என்ற பிரிவு 1976இல்தான் சேர்ந்தது. அந்தப் பட்டியலிலும் பறை பெயர் சொல்லி எழுதப்படவில்லை.

இதனால் எங்கள் இயக்கத்துக்குள்ளேயே பெரிய வாக்குவாதம் நடந்தது. பறையை உடைத்து எரித்துவிட்டுக் குனியாமல் நடப்போம் என்றவர்கள் ஒரு பக்கம். அதை எங்கள் கலையாக, போராட்ட வாத்தியமாக மேடையேற்றுவோம் என்றவர்கள் மறு பக்கம். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. இழவு வீட்டு வாசலில் அப்பா நின்ற நிலையைப் பார்த்து வளர்ந்தவனிடம் போய் "இது நம் கலை" என்று லேசாகச் சொல்லிவிட முடியாது.

இந்த வாக்குவாதத்தில் மதுரைக்குத் தனி இடம் உண்டு. அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாஃபிலஸ் அப்பாவு, நாங்கள் 'பரட்டை அண்ணன்' என்று அழைத்தவர், நாட்டுப்புற இசையையே விடுதலை இறையியலின் மொழியாக்கினார். அங்கிருந்த தலித் ஆதார மையம் 1990களில் நடத்திய கலை விழாக்களில் பறை மேடைக்கு வந்தது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் பறையைக் கையிலெடுத்தார்கள். பெண் அடிக்கக் கூடாது என்ற விதியும் அதோடு உடைந்தது. 2005இல் பரட்டை அண்ணன் மறைந்தார். அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் அவருடைய இசையைப் பற்றி நூல் எழுதினார். பறைக் கலைஞர்களைப் பற்றி 2011இல் ஆவணப்படமும் எடுத்தார். இழவுக்கு அடித்த அதே கருவியை உலகுக்கெல்லாம் கற்றுக்கொடுத்த அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. எரிப்பதா எடுப்பதா என்று அரசரடியில் இரவெல்லாம் பேசியவர்களில் எத்தனை பேர் இதை எதிர்பார்த்திருப்பார்கள்!

அரசரடியில் இது நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் எலக்ட்ரானிக் டிரம் நம் ஊர் மேடைகளுக்குள் நுழைந்தது. அறுகோணப் பலகைகளோடு இங்கிலாந்தின் சிம்மன்ஸ் நிறுவனம் எஸ்டிஎஸ்-5 கருவியை 1981இல் விற்றது. 1983இல் மிடி என்ற பொதுமொழி வந்தது; ஒரு கம்பெனியின் பேடை அடித்தால் இன்னொரு கம்பெனியின் பெட்டி ஒலிக்கும். ஜப்பானின் ரோலண்ட் 1985இல் எட்டு ரப்பர் சதுரங்கள் கொண்ட 'ஆக்டபேட்' என்ற பேட்-8ஐ வெளியிட்டது. அதற்குள் சொந்த ஒலி எதுவும் கிடையாது, அடியை மிடியாக மாற்றி அனுப்பும், அவ்வளவுதான். 1998இல் வந்த எஸ்பிடி-20 தன் ஒலிகளைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது. கல்யாண மெல்லிசைக் குழுக்களில் தபலா, டோலக், பாங்கோ, டிரம் செட் என்று நான்கு பேர் உட்கார்ந்த இடத்தில் ஒருவர் நின்றுகொண்டு பேட் வாசிக்கத் தொடங்கினார். மற்ற மூவர் வீட்டுக்குப் போனார்கள்.

எஸ்பிடி-20இல் 700 ஒலிகள். தபலா உண்டு, காங்கா உண்டு, டிம்பாலி உண்டு. பறை இல்லை. ஆனால் மேடையில் குத்துப் பாட்டு இல்லாமல் நிகழ்ச்சி முடியாதே. ஆகவே பேட் வாசிப்பவர்கள் டாமையும் டிம்பாலியையும் கலந்து, சுருதியை ஏற்றி, எங்கள் அடியைப் போன்ற ஒன்றைச் செய்துகொண்டார்கள். தப்புச் சத்தம் வேண்டும், தப்படிக்கிறவன் மேடையில் வேண்டாம். இதை யாரும் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. திட்டமிடாமலேயே நடந்துவிடுவதுதானே சாதி. (எங்கள் ஆசான்களும் சும்மா இருக்கவில்லை. பறையின் அடிகளில் ஒத்தையடி, மருள் அடி, மாரடிப்பு அடி, சாமிச்சாட்டு அடி என்பவற்றோடு 'சினிமா அடி' என்றும் ஒன்று உண்டு.)

பெட்டிக்குள் இருக்கும் ஒலி எங்கிருந்து வருகிறது என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ரோஜர் லின் 1980இல் எல்எம்-1 என்ற கருவியைக் கொண்டுவரும் வரை டிரம் மெஷின்கள் மின்சுற்றால் ஒலியைப் போலி செய்தன. லின் ஒரு மனிதரை உண்மையான டிரம்மை அடிக்கச் சொல்லிப் பதிவு செய்து சிப்பில் வைத்தார். அதன் பெயர் சாம்பிள். அன்று முதல், ஒருவர் ஒரு நாள் அடித்தால் போதும், பிறகு அவர் தேவையில்லை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: கிரிகோரி கோல்மன். 'தி வின்ஸ்டன்ஸ்' குழுவின் கறுப்பின டிரம்மர். 1969இல் வெளிவந்த 'ஆமென், பிரதர்' என்ற இசைத்தட்டில் ஏழு நொடி அளவுக்குத் தனியாக அடித்தார். அந்தச் சிறு துண்டு வெட்டியெடுக்கப்பட்டு ஆயிரக்கணக்கான பாடல்களில் ஓடுகிறது. அதன் மேல் புதிய இசை வகைகளே கட்டப்பட்டன. கோல்மனுக்கு அதற்காக ஒரு காசும் வரவில்லை. 2006இல் வறுமையில் இறந்தார்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? பதிப்புரிமைச் சட்டத்தில் வாசிப்பவர்களுக்கான உரிமை 1994இல் வந்தது, 2012 திருத்தத்தில் ராயல்டி பெறும் உரிமையும் சேர்ந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே 2012 திருத்தம் 'நிகழ்த்துநர்' என்ற வரையறையின் கீழ் ஒரு விதிவிலக்கையும் வைத்தது. திரைப்படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாகவோ சிறியதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் டைட்டில் உட்பட எங்கும் போடப்படாதவராகவும் இருந்தால், அவர் நிகழ்த்துநரே அல்ல. தன் வாசிப்பு சிதைக்கப்படுவதைத் தடுக்கும் உரிமை மட்டும் அவருக்கு மிஞ்சும். தோழர்களே, இதை இரண்டு முறை படியுங்கள். பெயர் போடாத வழக்கம் இருக்கிறது, ஆகவே பெயர் கேட்கும் உரிமை கிடையாது! கிராமத்துக் காட்சிக்கு வேன் வைத்துக் கூட்டிப்போய், நாள் கூலி கொடுத்து அடிக்கச் சொல்லும்போது எங்கள் கலைஞர்கள் இந்த வாசகத்துக்குள்தான் தள்ளப்படுகிறார்கள்.

இனி மாடியூலுக்கு வருவோம். எங்கள் முதல் நிபந்தனை ஒன்றுதான்: நீங்கள் பதிவு செய்த ஒலியை அது உள்ளே ஏற்க வேண்டும். எஸ்பிடி-20 ஏற்காது. 2010இல் வந்த எஸ்பிடி-30இலும் அந்த வசதி கிடையாது. எத்தனை நூறு ஒலி இருந்தாலும் அவன் கொடுத்ததுதான். ரோலண்டின் எஸ்பிடி-எஸ்எக்ஸ், யமஹாவின் டிடிஎக்ஸ்-மல்டி 12, அலெசிஸின் சாம்பிள்பேட் புரோ ஆகியவை ஏற்கும். இவற்றில் எஸ்பிடி-எஸ்எக்ஸ் மைக்கிலிருந்தோ மிக்சரிலிருந்தோ நேரடியாகவே பதிவும் செய்துகொள்ளும். காசு குறைவென்றால் ரோலண்ட் டிஎம்-2 போன்ற சிறு மாடியூல் போதும்: இரண்டு டிரிகர் இணைப்பு, எஸ்டி அட்டையில் உங்கள் வேவ் கோப்பு. ஒரு பெரிய மாடல் ஒரு குழுவின் பல இரவுக் கூலியை விழுங்கிவிடும். பழைய பொருளாக வாங்கினாலும் தவறில்லை; ரப்பர் தேய்ந்திருக்கிறதா, எல்லா இடத்திலும் மெல்லிய அடியை எடுக்கிறதா என்று அடித்துப் பார்த்து வாங்குங்கள்.

ஏன் இரண்டு டிரிகர் என்கிறோம்? பறையில் அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் ஒரே தோலில், கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் விழும். இந்த மாடியூல்கள் ஒற்றை அடிக்கென்று செய்யப்பட்டவை. ஓர் அடி விழுந்ததும் சில மில்லி நொடிகளுக்கு அடுத்த அதிர்வை 'மாஸ்க் டைம்' என்று சொல்லிப் புறக்கணிக்கும். ஒரே பேடில் இரண்டு குச்சியையும் அடித்தால் சிம்புக்குச்சி காணாமல் போகும். மாஸ்க் டைமைக் குறைத்தால் ஓர் அடி இரண்டாக ஒலிக்கும். ஆகவே இரண்டு குச்சிக்கும் தனித்தனிப் பேட் வையுங்கள். மூங்கில் சிம்பு மெலிதானது. அந்தப் பேடுக்கு உணர்திறனைக் கூட்டுங்கள். கணினி வழியாக ஒலி கேட்டுப் பழகாதீர்கள், தாமதம் கையைக் கெடுக்கும். மாடியூலிலேயே ஹெட்போனைச் செருகுங்கள்.

சாம்பிள் எடுக்கும் நாளில் அவசரம் வேண்டாம். வைக்கோல் தீயில் காய்ச்சிய உடனே ஒரு தடவை, அரை மணி கழித்து ஒரு தடவை, தோல் தொய்ந்த பிறகு ஒரு தடவை. பறை இரவு முழுவதும் ஒரே சுருதியில் நிற்பதில்லை, பெட்டி நிற்கும். மூன்று நிலையும் கையில் இருந்தால்தான் அது பறை மாதிரி ஒலிக்கும். ஒவ்வொரு குச்சிக்கும் மெல்லிய அடியிலிருந்து முழு அடி வரை நான்கைந்து அளவு. மைக்கைத் தோலுக்கு ஒட்டி வைக்காமல் மூன்று நான்கு அடி தள்ளி வையுங்கள், பதிவின் அளவைப் பாதிக்குக் கீழே வையுங்கள். பறையின் முதல் அறை எந்த மீட்டரையும் தாண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாகச் சேமித்தால் பெரும்பாலான மாடியூல்கள் படிக்கும்.

கோப்புக்குப் 'பறை 01' என்று பெயர் வைக்காதீர்கள். அடித்தவர் பெயர், ஊர், தேதி, அடியின் பெயர் எல்லாம் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். ஸ்டூடியோக்காரர் கேட்டால் கொடுப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: யார் அடித்தது, எந்தப் பாட்டுக்கு, வேறு பாட்டுக்குப் பயன்படுத்தினால் என்ன தொகை, டைட்டிலில் பெயர் எங்கே வரும். இரண்டு பிரதி எடுத்து இருவரும் கையெழுத்திடுங்கள். ஆசான் கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால் கைரேகை வைக்கட்டும், பக்கத்தில் குழுவிலிருந்து ஒருவர் சாட்சி.