எழுத்துப் பொறியில் எழுந்த வட்டம்

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை கேட்டபொழுது வட்டத்தைப் பற்றியே எழுதலாமென எண்ணினேன். கவிஞர்கள் கூடிய அவையில் கணிப்பொறி வரைந்த வட்டத்தைப் பேச வருவதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். ஆயினும் இவ்வரலாற்றின் நடுவே தம் மொழியைத் திரையில் எழுத இயலாது தவித்த மனிதர் ஒருவர் நிற்கிறார். அவரை உங்களுக்கு அறிமுகம் செய்வதே என் முதல் நோக்கம்.

ஒரு முழுமையைப் பங்குகளாகப் பகுத்துக் காட்டும் வட்ட விளக்கப்படம் பழமையானதன்று. ஸ்காட்லாந்தில் 1759-இல் பிறந்து, ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராகப் பணியாற்றிய வில்லியம் பிளேஃபேர் 1801-இல் இலண்டனில் வெளியிட்ட 'ஸ்டாட்டிஸ்டிக்கல் பிரிவியரி' என்னும் நூலில்தான் அது முதன்முதலாக அச்சேறியது. துருக்கியப் பேரரசின் நிலப்பரப்பில் ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகியவற்றின் பங்குகளை ஒரே வட்டத்துள் பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாக அவர் காட்டினார். செப்புத் தகட்டில் செதுக்கிய கோடுகள் மட்டுமே அச்சில் வந்தன. வண்ணம் கையால் தீட்டப்பட்டது. ஆங்கிலேயர் இதற்குத் தம் தின்பண்டத்தின் பெயரை இட்டனர். பிரெஞ்சுக்காரரோ காமெம்பேர் என்னும் பாலாடைக்கட்டியின் பெயரைச் சூட்டிவிட்டனர்! அன்று தொட்டு ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் கவராயமும் கோணமானியும் மையுமே இதற்குக் கருவிகளாக இருந்தன. ஒரு விழுக்காட்டுக்கு 3.6 பாகை என்னும் கணக்கைப் பள்ளியில் நாமும் செய்திருக்கிறோம்.

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிநபர் கணிப்பொறியை வெளியிட்டது. அதனுடன் திரைக்கான அட்டை இரண்டில் ஒன்றை வாங்கலாம். முதலாவது, ஒற்றை நிற அட்டை. 80 எழுத்து அகலமும் 25 வரி உயரமும் கொண்ட திரையில் ஒவ்வோர் எழுத்துக்கும் 9-க்கு 14 புள்ளிகள் கொண்ட கட்டம் உண்டு. எழுத்துகள் கல்லில் வெட்டியவைபோலத் தெளிவாய் இருக்கும். ஆனால் தனியொரு புள்ளியை ஏற்ற இயலாது. தொழிற்சாலையிலேயே பதித்து அனுப்பப்பட்ட 256 வடிவங்களுள் ஒன்றைத்தான் கட்டத்தில் வைக்கலாம். மற்றொன்று வண்ண அட்டை. அதில் புள்ளிகளை விரும்பியவாறு ஏற்றிப் படம் வரையலாம். எழுத்தோ கண்ணை உறுத்தும். நாளெல்லாம் எழுத்தையும் எண்ணையும் பார்க்கும் அலுவலகங்களில் பல முதலாவதையே வாங்கின. அவ்வகையில் அக்கணிப்பொறி ஓர் எழுத்துப் பொறியே. அதனுள் வட்டத்துக்கு இடமில்லை.

அந்த 256 வடிவங்களில் தமிழுக்கும் இடமில்லை. தாய்லாந்தின் தாய் மொழிக்கும் இல்லை. தாய் மொழியில் உயிர்க்குறிகளும் ஒலிக்குறிகளும் எழுத்தின் தலைமேலும் காலடியிலும் அமர்வன. நம் கொம்பையும் சுழியையும் எண்ணிப் பார்த்தால் அவர்தம் இடர்ப்பாடு விளங்கும். வான் சுவன்னுகுல் என்பவர் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஐ.பி.எம். கணிப்பொறியில் தாய் எழுத்தில் எழுத விரும்பினார். ஒற்றை நிற அட்டை அவர் எழுத்தை அறியாது. வண்ண அட்டையின் நுண்மை போதாது. அவர் தமக்கென ஓர் அட்டையை உருவாக்கினார். ஒற்றை நிறத் திரையின் எழுத்துத் தெளிவு குறையாமலேயே 720-க்கு 348 என்னும் கணக்கில் இரண்டரை இலட்சம் புள்ளிகளையும் தனித்தனியே ஏற்ற வல்லது அது. 1982-இல் 'ஹெர்குலிஸ்' என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

அதை வாங்கியவர்களில் மிகப் பலர் தாய் மொழியைக் கண்டும் அறியாதவர். அவர்களுக்கு வேண்டியது, எண்கள் நிறைந்த அதே திரையில் வரைபடங்களும் தோன்றவேண்டும் என்பதே. எழுத்துக்காகப் பிறந்த அட்டை விற்பனைப் பங்கு காட்டும் அட்டையாயிற்று. இதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு சிறு மொழியின் தேவை உலகத்து வாணிகர்க்கெல்லாம் வழி திறந்தது என்று எண்ணும்போது பெருமிதமே மேலிடுகிறது. 1980-களின் இறுதியில் இந்திய மொழிகளுக்காகச் சி-டாக் வெளிக்கொணர்ந்த 'ஜிஸ்ட்' அட்டையும் இவ்வாறே கணிப்பொறிக்குள் செருகப்பட்டது என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

இனி, வரையும் மென்பொருளுக்கு வருவோம். டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் 1979-இல் அளித்த 'விசிகால்க்' விரிதாளில் வரைபடம் கிடையாது. 1981-இல் மிட்ச் கபோர் எழுதிய 'விசிபிளாட்' வரைபடம் தந்தது. ஆனால் எண்களை ஒரு கோப்பாகச் சேமித்து, விரிதாளை மூடி, அந்த வேறொரு நிரலை ஏற்றவேண்டும். இந்தப் பிரிவை ஒழிக்க வேண்டுமென்றே கபோரும் ஜானதன் சாக்ஸும் 1983-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் 'லோட்டஸ் 1-2-3' என்னும் மென்பொருளை வெளியிட்டனர். விரிதாள், வரைபடம், தரவுத்தளம் ஆகிய மூன்றும் ஒன்றில் என்பதே அவ்வெண்களின் பொருள். கபோர் ஒரு காலத்தில் ஆழ்நிலைத் தியானம் கற்பித்தவர். நிறுவனத்திற்கு இட்ட பெயர் பத்மாசனத்தை நினைந்து இட்டதாகும்.

இதில் வட்டம் வரைவது எளிது. சாய்கோட்டு விசையை அழுத்தி, வரைபடம், வகை, வட்டம் என மூன்று எழுத்துகளைத் தட்டவேண்டும். எண்கள் உள்ள நெடுவரிசையை 'ஏ' என்றும், பெயர்கள் உள்ளதை 'எக்ஸ்' என்றும் குறித்தால் போதும். விழுக்காட்டை மென்பொருளே கணக்கிட்டு அடைப்புக்குறிக்குள் இடும். எண்ணை மாற்றிப் பத்தாம் செயல்விசையை அழுத்தினால் வட்டம் புதிதாய் எழும். 1985-இல் வந்த இரண்டாம் பதிப்பில், ஒவ்வொரு துண்டின் கோட்டு நிரப்பலையும் 'பி' வரிசையில் ஓர் எண்ணாகக் குறிக்கலாம். அந்த எண்ணுடன் நூற்றைக் கூட்டினால் துண்டு வட்டத்தினின்று விலகி நிற்கும். 103 என்றால், மூன்றாம் வகைக் கோடுகளுடன் பிரிந்து நிற்கும் துண்டு. படங்காட்டும் அட்டை இல்லாதோரும் வரையலாம். திரையில் காணாமலே வரைந்து, தாளில் வந்தபின் கண்டுகொள்ள வேண்டியதுதான்.

திரையில் ஒழிந்த பிரிவு அச்சில் மீண்டும் வந்தமர்ந்தது. விரிதாளிலிருந்து வரைபடத்தை நேரே அச்சிட இயலாது. படத்தைப் 'பிக்' என்னும் பின்னொட்டுடைய கோப்பாகச் சேமித்து, விரிதாளை விட்டு வெளியேறி, வேறொரு நெகிழ்வட்டைச் செருகி 'பிரிண்ட்கிராஃப்' என்னும் நிரலை இயக்கவேண்டும். அந்தக் கோப்பில் எண்களும் இல்லை, வட்டமும் இல்லை. பேனாவை இங்கே நகர்த்து, இதுவரை கோடிடு, இதை நிரப்பு, இச்சொல்லை எழுது என்னும் கட்டளைகளே உண்டு. நாம் கண்ட வட்டம் சிறு சிறு நேர்கோடுகளின் தொடர்ச்சி. அகலமும் உயரமும் 1.385-க்கு 1 என்னும் விகிதத்தில் இருத்தல் வேண்டும். தாளில் இடம் மிச்சமென்று அகலத்தைக் கூட்டினால் வட்டம் முட்டையாகிவிடும். எத்தனை அலுவலகங்கள் முட்டைகளை அச்சிட்டுக் கட்டித் தைத்து அனுப்பினவோ!

எப்சன் போன்ற ஒன்பது ஊசிப் புள்ளி அச்சுப்பொறிகள் படத்துக்கு எட்டு ஊசிகளையே பயன்படுத்தின. அச்சுத்தலை ஒருமுறை சென்று மீண்டால் எட்டுப் புள்ளி உயரமுள்ள ஒரு பட்டை கிட்டும். பட்டைமேல் பட்டையாக வட்டம் இறங்கும். தாள் சற்றே வழுக்கினால் வட்டத்தின் குறுக்கே வெண்கோடு விழும். மைநாடா பழையதாயின் மேற்பாதி கருத்தும் கீழ்ப்பாதி வெளுத்தும் கிடக்கும். வசதி படைத்தோர் எச்பி நிறுவனத்தின் 7475ஏ போன்ற வரைவிகளை வைத்திருந்தனர். அது ஆறு பேனாக்களுள் ஒன்றை எடுத்து, மெய்யாகவே மையால் கோடிழுக்கும். பிளேஃபேரின் படத்துக்கு வண்ணமிட்ட கையை அது எனக்கு நினைவூட்டும். புள்ளி அச்சினர்க்கு வண்ணத்துக்கு ஈடாகச் சாய்கோடும் குறுக்குக்கோடும்தாம் வாய்த்தன. அவை அருகருகே வந்தால் கண்முன் நடுங்கும். அதே 1983-இல் வெளிவந்த தம் நூலில் எட்வர்டு டஃப்டி அந்நடுக்கத்தைச் சாடினார். வட்ட விளக்கப்படத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. மறு ஆண்டில் கிளீவ்லாண்டும் மெக்கிலும், கோணத்தை மதிப்பிடுவதைவிட ஒரே அளவுகோலில் அமைந்த இடத்தை மதிப்பிடுவதில் கண் குறைவாகப் பிழைபடும் என ஆய்ந்து காட்டினர்.

நான் கண்ட பிழை வேறு வகையினது. அதைச் செய்தவனும் நானே. 1988-இல் நான் பணியாற்றிய ஓர் அறநிலையத்தின் ஆண்டறிக்கைக்கு இவ்வாறொரு வட்டம் அச்சிட்டேன். கூட்டத்துக்கு முந்திய இரவு சில எண்கள் திருத்தப்பட்டன. அட்டவணையைப் புதிதாய் அச்சிட்டேன். படக் கோப்பைப் புதிதாய்ச் சேமிக்க மறந்தேன். அட்டவணையில் நூலகத்தின் பங்கு 11 விழுக்காடு. வட்டத்திலோ, விலக்கி நிறுத்தப்பட்ட அழகிய துண்டாக, 18. அட்டவணையை ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை. நூலகத்துக்குத்தான் இவ்வளவு போகிறதே என்றார் ஓர் உறுப்பினர், தாளைத் தூக்கிக் காட்டி. கூடுதல் தொகை கேட்டு வந்திருந்த நூலகர் மறுமொழி கூறாது அமர்ந்துவிட்டார். பிழையை நான் உணர்ந்தது மறுநாள். சென்று சொன்னேன், தீர்மானம் பதிவாகிவிட்டது என்றனர்.

1989-இல் வந்த மூன்றாம் பதிப்பு விரிதாளுக்குள்ளிருந்தே வரைபடத்தை அச்சிட்டது, 'பிரிண்ட்கிராஃப்' தேவையற்றதாயிற்று. எண் மாறினால் படமும் மாறும் என்னும் ஏற்பாடு திரையோடு நில்லாமல் தாளுக்கும் வந்தது. 1995-இல் ஐ.பி.எம். லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. 2014-இல் அம்மென்பொருளுக்கான ஆதரவும் நின்றது. அந்த ஆண்டறிக்கையின் நெகிழ்வட்டு என் மேசை அறையில் கிடக்கிறது. அதைப் படிக்கும் பொறி என்னிடம் இல்லை. நூலகத்துக்கு 18 விழுக்காடு என்றே அதில் இன்னும் இருக்கும்.