சுழியோடும்போது எதை எங்கே கட்டுவது?

மொன்றியலில் வளரும் எமது பிள்ளைகளில் சிலர் இப்போது ஸ்கூபா பழகுகிறார்கள். நீச்சல் தடாகத்தில் தொடங்கி, சென் லோரன்ஸ் கழிமுகத்தில் உள்ள லெ எஸ்கூமானுக்கும், ஊருக்குப் போகும்போது திருகோணமலைப் புறாத்தீவுக்கும் போகிறார்கள். மூச்சு விடவும் மேலெழும்பவும் கற்பதில் காட்டும் கவனத்தை, கொண்டுபோகும் பொருட்களைக் கட்டுவதிலும் நாம் காட்ட வேண்டும்.

இது எமக்குப் புதிய விடயம் அல்ல. மன்னார்க் கடலில், அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளில் நடந்த முத்துக்குளிப்பை எண்ணிப் பார்ப்போம். சுழியோடி கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்குவார். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார். வள்ளத்தில் இருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். சிப்பிகள் இன்னொரு கயிற்றில் கட்டிய வலைப்பைக்குள் போகும். கயிற்றைச் சுண்டினால் மேலே இழுப்பார்கள். பாரத்தை உடனே விடலாம், பொருளுக்குத் தனிக் கயிறு, கைகள் வேலைக்கு. இன்றைக்கும் விதி இதுதான்.

தொங்கவிடக் கூடாது: அழுத்தமானியும் மாற்றுக் காற்றுக்குழாயும் கீழே தொங்கினால் பவளப்பாறையை உடைக்கும், வலையில் சிக்கும். புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. அங்கே ஒரு தட்டுக்கூடப் பவளத்துக்குப் பெரும் சேதம். மானியை மிதப்புச் சட்டையின் வளையத்தில் கொழுவ வேண்டும். மாற்றுக் குழாயை நாடிக்கும் விலா எலும்புக்கும் இடையில், ஒரே இழுப்பில் கழரும்படி வைக்க வேண்டும். காற்று முடிந்த தோழர் தேடுவது அந்த இடத்தைத்தான்.

வெட்டக்கூடிய இணைப்பு: டோர்ச்சையோ கமராவையோ உலோகத்தோடு உலோகமாகக் கொழுவக் கூடாது. இடையில் ஒரு துண்டு நூற்கயிறு இருந்தால், கொழுவி இறுகினாலும் வெட்டிவிடலாம். அழுத்தினால் உள்நோக்கித் திறக்கும் மலையேற்றக் கொழுவிகள் தாமாகவே கயிற்றைக் கவ்விக்கொள்ளும், அவற்றைத் தவிர்ப்போம். கத்தி எந்தக் கையாலும் எட்டும் இடத்தில், மார்பிலோ இடுப்பிலோ இருக்கட்டும்.

உடம்போடு கட்டக் கூடாதவை: மேலே அனுப்பும் அடையாள மிதவையின் கயிற்றை அனுப்பும் வேளையில் உடம்பில் கொழுவவே கூடாது. சுருள் சிக்கினால் அது எம்மையும் இழுத்துக்கொண்டு மேலே போகும். வேகமாக மேலெழுந்தால் நுரையீரல் கிழியலாம், இரத்தத்தில் வாயுக் குமிழிகள் உண்டாகலாம். சிக்கினால் சுருளைக் கைவிட வேண்டும். அடியில் எடுத்த பாரமான பொருளையும் மிதப்புச் சட்டையில் காற்று ஏற்றித் தூக்கக் கூடாது; கை தவறினால் நாம் மேலே பறப்போம். அதற்குத் தனித் தூக்குப்பை உண்டு. ஈயப் பட்டிக்கு மேலாக வேறு எந்தப் பட்டியும் வரக் கூடாது. ஒரு கையால் கழற்ற முடிய வேண்டும்.

கியூபெக்கின் குளிர்: லெ எஸ்கூமானில் கோடையிலும் நீர் உறையவைக்கும். தடித்த கையுறையோடு சிறிய கொழுவியைத் திறக்க முடியாது. பெரிய கொழுவிகளை வாங்கி, கையுறை போட்டு, கண்ணை மூடி, வீட்டிலேயே பழகுவோம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே இடம். அது எந்தப் பயணத்திலும் மாறக் கூடாது.

இறங்க முன் தோழரோடு ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணுவோம், ஏறிய பின்னும் எண்ணுவோம். ஒரு பொருள் எதற்கு என்று சொல்ல முடியாவிட்டால், அதைக் கரையில் விட்டுவிட்டு இறங்குவோம்.